மண்ணெண்ணெய் விளக்கை அணைத்த ஆடிட்டர்

கை நிறையச் சம்பாதித்த ஆடிட்டர் ஒருவர், அந்த வேலையை விட்டுவிட்டு விளக்கு செய்யவும் தேனீ வளர்க்கவும் போனார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் ஜே.சி.குமரப்பா.

தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4ல் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, மும்பையில் அலுவலகம் நடத்தினார். 1929ல் சபர்மதியில் காந்திஜியைச் சந்தித்தார். கோட்டு, சூட்டு போய் கதர் வந்தது!

1934ல் காந்திஜி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்திற்குச் செயலாளர் ஆனார். வார்தாவில் இருந்த அதன் மையத்தின் பெயர் மகன்வாடி. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கைக்காகிதம் என்று அங்கே பல தொழில்கள் வளர்ந்தன. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கேதான் உருவானது.

எதற்கு இவ்வளவு சிரமம்? குமரப்பா போட்ட கணக்கைக் கேளுங்கள். நிலக்கரியும் பெட்ரோலியமும் தொட்டித் தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். குறைந்தால் நாடுகள் சண்டை போடும். எண்ணெய் வித்தும் மரமும் ஓடும் ஆறு மாதிரி. மறுபடியும் விளையும். சிறையில் இருந்தபோது இதை ஒரு நூலாகவே எழுதினார். அது 1945ல் வெளிவந்தது.

கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30ல், காந்திஜியின் நினைவு நாளிலேயே மறைந்தார்.

உங்கள் வீட்டில் இன்று செலவாகும் பொருட்களை எழுதிப் பாருங்கள். எது தொட்டி நீர், எது ஆற்று நீர்? தொட்டிப் பக்கத்தில் ஒன்றைக் குறைத்தாலும் நீங்களும் குட்டிக் குமரப்பாதான்!