முள் காட்டிய வழி!

காலில் முள் குத்தினால், அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்று யோசித்தது உண்டா குட்டீஸ்? அப்படி யோசித்தே நோபல் பரிசு பெற்றார் ஒருவர். அவர்தான், இலியா மெச்னிகோவ்.

இன்றைய உக்ரைன் நாட்டில், கார்கிவ் நகருக்கு அருகே, 1845ல் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி, ரஷ்யப் பேரரசில் இருந்தது. படிப்பில் படுசுட்டி. நான்கு ஆண்டு பல்கலைக்கழகப் படிப்பை, இரண்டே ஆண்டுகளில் முடித்தார்.

ஆனால், சோகமும் அவரைத் துரத்தியது. 1873ல், மனைவி லுட்மிலா காசநோயால் இறந்தார். அந்த நோயைக் குணப்படுத்த அப்போது மருந்தே இல்லை.

பின், ஓல்கா என்பவரை மணந்தார். 1882ல், இத்தாலியின் மெசினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். மெச்னிகோவ் மட்டும் வீட்டில், மைக்ராஸ்கோப்பில் நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அவற்றின் உடலுக்குள், சில செல்கள் ஊர்ந்து கொண்டிருந்தன.

'இவைதான் உடலைக் காக்கும் காவலர்களோ?' என்ற எண்ணம் பளிச்சிட்டது. தோட்டத்துக்கு ஓடினார், முள்ளைப் பறித்து வந்து, குஞ்சின் தோலுக்கு அடியில் செருகினார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தால்... முள்ளைச் சுற்றி, செல்கள் கூட்டமாக முற்றுகையிட்டிருந்தன!

கிருமிகளை விழுங்கி அழிக்கும் செல்கள், நம் ரத்தத்திலும் உண்டு. அவையே வெள்ளை அணுக்களில் உள்ள, 'விழுங்கு செல்கள்!'

பலர் இதை ஏற்கவில்லை. ரத்தத்தின் திரவத்தில் உள்ள பொருட்களே கிருமிகளைக் கொல்கின்றன என்று வாதிட்டனர். மெச்னிகோவ் சோர்ந்து விடவில்லை. 1888ல் பாரிஸ் சென்று, பாஸ்டர் ஆய்வகத்தில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சோதனைகள் செய்தார். 1908ல் அவருக்கும், எதிரணி விஞ்ஞானி பால் எர்லிக்குக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. ஏனென்றால், இரண்டு பேர் சொன்னதும் சரிதான்!

வயதான காலத்தில், குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பக்கம் அவர் கவனம் திரும்பியது. பல்கேரியா நாட்டுக் கிராமத்தினர் நீண்ட நாள் வாழ, அவர்கள் சாப்பிடும் தயிரே காரணம் என்று நம்பினார். தானும் புளித்த பாலை தினமும் குடித்தார். பெருங்குடல் வேண்டாத உறுப்பு என்று அவர் எண்ணியது தவறு. ஆனால், நல்ல பாக்டீரியாக்களைக் கொண்டு உடல்நலத்தைக் காக்கலாம் என்ற எண்ணம் நிலைத்து நின்றது.

கடந்த 1916, ஜூலை 15ல், பாரிசில் காலமானார். அவரது அஸ்தி, பாஸ்டர் ஆய்வகத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.

இன்று விஞ்ஞானிகள், எந்த பாக்டீரியா எதைத் தின்னும், எதை வெளியிடும், எதோடு சேர்ந்து வாழும் என்பதை, கம்ப்யூட்டரில் கணக்கிடுகின்றனர். நோய் எதிர்ப்பு சக்திக்கு உதவும் பாக்டீரியா கூட்டணியைத் தேர்ந்தெடுத்து, பின் ஆய்வகத்தில் சோதிக்கின்றனர். கம்ப்யூட்டர் சொல்வது எல்லாம் பலித்து விடாது. மெச்னிகோவ் செய்ததைப் போல, முள்ளைக் குத்திப் பார்த்தால்தானே உண்மை தெரியும்!