ஓர் அணாச் சோறு

விம்கோ நகரிலிருந்து தெற்கே சென்றால் வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் பெயரால் ஒரு கல்லூரி நிற்கிறது. 1852இல் பிறந்த அப்பெருமகனார் பெருஞ்செல்வர். 1916இல் நீதிக்கட்சியை நிறுவியோருள் ஒருவர். 1920இல் முதலமைச்சர் பதவி தேடி வந்தும் ஏற்கவில்லை. ஆனால் அவ்வாண்டே, சென்னை மாநகராட்சித் தலைவராக, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. உள்ளவர் செலுத்திய வரி, இல்லாதவர் வீட்டுப் பிள்ளையின் தட்டில் சோறாயிற்று. 1925இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே அத்திட்டமும் நின்றது. 1956இல் காமராசர் ஆட்சி அதனை மாநிலத் திட்டமாக்கி மீட்டது.

வீட்டின் ரொக்க வருமானக் கணக்கில் அந்தச் சோறு ஏறுவதில்லை. எனினும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த நான், பள்ளியில் பசியாறியது அதனால்தான்.