சுப்பாராவ் தந்த மஞ்சள் மருந்து

நான் அந்தமானிலிருந்து வந்து இப்பல்கலைக்கழகத்தில் பயில்பவன். எங்கள் தீவுகளில் மழை வந்தால் எலிக்காய்ச்சலும் உடன் வரும். 1988-இல் அது தலைகாட்டியபோது இன்ன நோய் என்று விளங்காமல், அந்தமான் இரத்தக் கசிவுக் காய்ச்சல் என்று பெயரிட்டு அஞ்சினார்கள். எலிக்காய்ச்சலே என்று தெளிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. நெல்வயலில் இறங்கிய என் சிற்றப்பாவுக்கு அது கண்டபோது, மருத்துவர் எழுதிய டாக்சிசைக்ளின் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அம்மருந்தின் மூலத்தைத் தேடப் போய்த்தான் எல்லாப்பிரகட சுப்பாராவை அறிந்தேன். சென்னையில் படித்த ஒருவரை அதுவரை அறியாதிருந்தது வெட்கமாகவே இருந்தது.

அவர் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். (தேர்வில் தவறிய தோழர்கள் இவ்வரியை மறுமுறை படித்துக்கொள்க.) சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் பகலில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து உடலின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைக் கண்டும், அங்கே அவருக்கு நிலையான பதவி அமையவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்திற்குச் சென்று, ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். ஸ்ப்ரூ நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை 1945-இல் செயற்கையாக ஆக்கியது அவருடைய குழுவே. உடன்பிறந்தாருக்குத்தான் அது உதவவில்லை.

பெனிசிலின் ஒருவகைக் கிருமிகளைக் கொன்றது, மறுவகையை அண்டவில்லை. இரு வகையையும் அடக்கும் மருந்து வேண்டுமென்று சுப்பாராவின் கூடத்தில் பல ஊர் மண்ணைத் தருவித்துச் சோதித்தார்கள். எழுபது வயது கடந்த தாவரவியலறிஞர் டக்கர் இதில் ஈடுபட்டிருந்தார். மிசௌரிப் பல்கலைக்கழக வயலொன்றின் மண்ணில் மஞ்சள் நிற நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அது தந்த மருந்துக்குப் பொன்னைக் குறிக்கும் ஆரியோமைசின் என்ற பெயர் அமைந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. என் சிற்றப்பா விழுங்கியது அதன் பிற்கால உறவு. 1948-இல் அது வெளியானபோது டக்கரின் பெயரே முன்நின்றது. சுப்பாராவ் பெயருக்கு அலைந்தவர் அல்லர். அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். தாயகம் திரும்பவே இல்லை.

அவர் காணாதது ஒன்று உண்டு. அக்காலத்திலேயே மருத்துவமனை வார்டுகளில் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் பெருகிவந்தன. 1950-களில் அவை டெட்ராசைக்ளினுக்கும் அடங்க மறுத்தன. ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை ஒருசேர எதிர்த்தன. அவ்வெதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே கைமாறுகிறது என்று 1959-இல் தெரியவந்தது. இதைவிட வேதனை: லெடர்லியிலேயே, ஆரியோமைசின் எடுத்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிகளுக்கு இட்டுப் பார்த்தார்கள். கோழிகள் விரைவாகக் கொழுத்தன! நோயில்லாக் கால்நடைக்கும் மருந்தூட்டும் வழக்கம் அதிலிருந்து பரவி, கிருமிகளுக்கு நல்ல பயிற்சிக்கூடம் ஆயிற்று.

எங்கள் தீவுகளில் இரு நிலையும் காண்கிறோம். வட அந்தமானில் 782 பேரிடம் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் உண்டவர்களுக்குத் தொற்று வராமல் இல்லை. ஆனால் காய்ச்சலாய் முற்றுவது குறைந்தது. அதே தீவுகளின் சீதபேதிக் கிருமிகளிலோ பல மருந்துகளை எதிர்ப்பவற்றைப் போர்ட் பிளேர் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாளே சிற்றப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. மீதி மாத்திரைகளை அடுத்த மழைக்கு எடுத்து வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் டப்பாவைக் கொடுக்கவில்லை. மருத்துவர் எழுதிய கடைசி மாத்திரை வரையில், தண்ணீர்ச் செம்புடன் அவர் எதிரே நின்றேன்.