அருவி அறிந்தவர் அறியாதது

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சாரல் களைகட்டுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பாறையில் மோதிச் சிதறும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து முகத்தில் படுகின்றன. அந்தச் சாரலில் குளிர்ச்சி மட்டுமல்ல, மின்னூட்டமும் உண்டு. அருவிகளில் மின்னூட்டம் பிறப்பதை முறையாக ஆராய்ந்து 1892-இல் வெளியிட்டவர், ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்ட்.

இன்றைய ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் 1862-ஆம் ஆண்டு ஜூன் 7-இல், மது வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் லெனார்ட். ஹைடெல்பெர்க்கில் 1886-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், மின்காந்த அலைகளைக் கண்டறிந்த ஹென்ரிச் ஹெர்ட்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

எல்லாப் பொருள்களிலும் நேர், எதிர் மின்னூட்டங்கள் சம அளவில் இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. உலர்ந்த தலையில் சீப்பு உரசும்போது அச்சமநிலை குலைகிறது. சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்க்கிறது. நீர்த்துளி பாறையில் மோதி உடையும்போதும் இத்தகைய பிரிவினை நிகழ்கிறது. நுண்துளிகளும் அவற்றைச் சூழ்ந்த காற்றும் எதிர் மின்னூட்டம் பெற, பெரிய துளிகளில் நேர் மின்னூட்டம் தங்குகிறது. இதற்கு 'லெனார்ட் விளைவு' என்றே பெயர்.

கேதோடு கதிர் ஆய்வுக்காக 1905-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலோகத்தில் ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றல், ஒளியின் செறிவைப் பொறுத்ததல்ல என்று 1902-இல் அவர் காட்டியிருந்தார். அதற்கு 1905-இல் விளக்கம் தந்தவர் ஐன்ஸ்டீன். இருவரின் பணியும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

ஆனால், லெனார்ட் அதைப் பெருமையாகக் கருதவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் தோல்வியும், 1922-இல் நேர்ந்த மகனின் மரணமும் அவரது கசப்பை வளர்த்தன. அந்தக் கசப்பு யூத வெறுப்பாகத் திரண்டது. 1924-இலேயே ஹிட்லரை வெளிப்படையாக ஆதரித்தார். ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டை யூதர்களின் இயற்பியல் என்று பழித்து, 'ஜெர்மானிய இயற்பியல்' என்ற நூலை 1936 முதல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். தம்மை வளர்த்த ஹெர்ட்ஸின் தந்தைவழி முன்னோர் யூதர் என்பதும் அவர் மனத்தை மாற்றவில்லை.

நாஜி ஆட்சியில் யூத அறிஞர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்டனர். உலக இயற்பியலின் தலைமையிடம் ஜெர்மனியை விட்டு நீங்கியது. ஆட்சி வீழ்ந்த பின், முதுமை கருதித் தண்டனையிலிருந்து தப்பிய லெனார்ட், 1947 மே 20-இல் மறைந்தார்.

அறிவு மிகுந்தால் வெறுப்பு தானே விலகிவிடும் என்று நாம் நம்புகிறோம். லெனார்டின் வாழ்க்கை அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. துளியின் மின்னூட்டத்தைத் துல்லியமாகப் பிரித்தறிந்தவர், மனிதர்களைப் பிறப்பால் பிரித்தார். நம் மாணவர்களுக்கு அவரது கண்டுபிடிப்பைக் கற்பிக்கும்போது, அவரது வீழ்ச்சியையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஜாதியால் பிளவுபட்ட சமூகத்துக்கு இரண்டாவது பாடமே அவசரத் தேவை.