நாயை நீதிபதியாக்கிய ஓவியர்

பஞ்சதந்திரத்திலே சிங்கம் அரசு புரிகின்றது. நரி அமைச்சு நடத்துகின்றது. மாமல்லபுரத்துப் பாறையிலே எலிகள் சூழ்ந்திருக்கப் பூனையொன்று முன்கால்களை உயர்த்தித் தவஞ் செய்கின்றது. ஆகவே விலங்கிடத்து மனிதனைக் கண்டு நகைப்பது நமக்குப் புதிதன்று. அந்நகையைத் தைலவண்ணத்திலே தீட்டிப் பெரும்புகழ் ஈட்டியவர் சேர் எட்வின் லாண்ட்சீர் என்னும் ஆங்கிலேயர். நம் நாவலர் பெருமான் காலத்தவர்.

இவர் 1802 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7 ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார். தந்தையார் உலோகத் தகட்டிற் சித்திரஞ் செதுக்குந் தொழிலினர். 1815 இல், பதின்மூன்று வயதிலேயே, இவருடைய படைப்புக்கள் றோயல் அக்கடமியின் காட்சியில் இடம்பெற்றன. ஹெய்டன் என்னும் ஓவியரின் தூண்டுதலால், இறந்த விலங்குகளை அறுத்து எலும்புந் தசையும் பொருந்தும் முறையைக் கற்றார்.

அக்கல்வியின் பயனை 1840 இல் எழுதிய நீதிமன்ற ஓவியத்திலே காணலாம். வெண்ணிறப் பூடில் நாயொன்று விரித்த நூலின்மேற் பாதத்தை வைத்துத் தீர்ப்புரைக்க அமர்ந்திருக்கின்றது. சூழ நிற்கும் நாய்களே வழக்கறிஞரும் அலுவலரும். 1827 இல் தீட்டிய குரங்குக்கு மனித உடை அணிவித்த லாண்ட்சீர், இங்கே அங்கியும் பொய்ம்முடியும் அணிவிக்கவில்லை. தொங்கு செவிகளே பொய்ம்முடியாய் அமைந்துவிட்டன! நாய் நாயாகவே இருக்கின்றது. நீதிபதியைக் காண்பவர் நாமே. ஓவியத்தை வாங்கிய டெவன்ஷயர்க் கோமகனாரின் நாயொன்று பின்னர்ச் சேர்த்து எழுதப்பட்டது. செல்வர் வீட்டு நாய்க்கு எந்த மன்றிலும் இடமுண்டு போலும்.

விலங்குகளுக்கு மனித உணர்ச்சியை வலிந்து ஏற்றினார் என்பது பிற்காலத்தார் கூறுங் குறை. சில ஓவியங்களுக்கு அது பொருந்தும். ஆயினும், இறந்த இடையனின் பெட்டிமீது தலைசாய்த்துக் கிடக்கும் நாயை 1837 இல் எழுதினாரே, அத்துயரத்தை நாய்க்கு உரியதன்று என்று எவர் சொல்வார்? தமையனார் தோமஸ் முதலியோர் செதுக்கிய அச்சுப்படங்களால் இவருடைய ஓவியங்கள் எளியோர் இல்லங்களையும் அடைந்தன.

நாட்டை நகைப்பித்த அதே 1840 இல் அவர் மனம் நிலைகுலைந்தது. பின் முழு அமைதி வாய்க்கவேயில்லை. 1850 இல் சேர் பட்டம் வந்தது; 1866 இல் அக்கடமித் தலைமை வந்தபோது மறுத்தார். 1858 இல் ஒப்புக்கொண்ட திரபல்கார்ச் சதுக்கத்து வெண்கலச் சிங்கங்கள் நான்கும் 1867 இலேயே நிறுவப்பட்டன. 1872 இற் குடும்பத்தாரே அவரைச் சித்தசுவாதீனமற்றவரென அறிவிக்கச் செய்தனர். 1873 ஒக்டோபர் 1 ஆந் திகதி காலமானார். சென்ற் போல் பேராலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார்; சதுக்கத்துச் சிங்கங்களுக்கு மலர்வளையம் அணிவித்தனர்.