ஜி.டி. நாயுடு: கழட்டிப் பார்த்த மனுஷன்

பைக் ஸ்டார்ட் ஆகுது. ஆக்சிலரேட்டர் கொடுத்தா நல்லா ஓடுது. விட்டா குலுங்கி, இருமி, அணைஞ்சு போகுது. நீங்க என்ன செய்வீங்க? மெக்கானிக்குக்கு போன் போடுவீங்களா, ஸ்பேனர் எடுப்பீங்களா?

ஸ்பேனர் எடுத்த ஒருத்தரோட கதை இது. ஜி.டி. நாயுடு 1893-ல் கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நாட்டமே இல்லை. ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்னுடுச்சு. கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கின வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டி, திரும்ப மாட்டினார். அவர் படிச்ச இன்ஜினியரிங் அதுதான்.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குத் தானே ஓட்டினார். இன்னைக்கு நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற அதே பழனிதான். வழியில் இன்ஜின் மக்கர் பண்ணினா ஓட்டுறவரே மெக்கானிக். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ்.

உங்க பைக்குக்கு வருவோம். பைக்கோ, படகில் மாட்டுற அவுட்போர்டு மோட்டாரோ, கார்புரேட்டர் வச்ச பெட்ரோல் இன்ஜின்னா கேட்க வேண்டியது மூணுதான்: தீப்பொறி வருதா, பெட்ரோல் வருதா, காத்து அளவா வருதா?

ஐட்லிங்கில் மட்டும் ஏன் தகராறு? அப்போ த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஊசித்துளை மாதிரி இருக்கிற ஐடில் ஜெட் வழியாத்தான் பெட்ரோல் போகணும். ரொம்ப நாள் நின்ன பெட்ரோல் பிசினாகி அந்தத் துளையை அடைச்சிடும். ஆக்சிலரேட்டர் கொடுத்தா பெரிய ஜெட் வேலைக்கு வந்து கோளாறை மறைச்சிடும்.

முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கறுப்பா, ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகம், இல்லைன்னா தீப்பொறி பலவீனம். வெள்ளையா இருந்தா பெட்ரோல் போதலை, இல்லைன்னா கார்புரேட்டர் கேஸ்கெட் வழியா காத்து கசியுது. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலையும் ஒண்ணா மாத்தினா வண்டி ஓடலாம், ஆனா எது கோளாறுன்னு கடைசிவரை தெரியாது.

நாயுடு இதை வண்டியோட விடலை. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் எலெக்ட்ரிக் மோட்டார் தயாரிச்சார். 1945-ல் அவர் கொடுத்த கொடையில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. அதுதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதோட முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், மிச்ச நேரம் பட்டறையில் போகட்டும்னு வாதாடினார். அரசாங்கம் ஏத்துக்கலை. பதவியை விட்டுட்டு வந்துட்டார். 1974-ல் காலமானார்.

நாம இன்னும் அந்த நாலு வருஷத்தில்தான் இருக்கோம். லேப் ரெக்கார்டில் ரீடிங் காப்பி அடிக்கிறதா, இன்ஜினைத் தொட்டுப் பார்க்கிறதா என்பது மட்டும் நம்ம கையில் இருக்கு. கோவை போனா அவினாசி ரோட்டில் அவர் பெயரில் இருக்கிற அருங்காட்சியகத்தைப் பாருங்க. அதுக்கு முன்னாடி, அந்த பிளக்கைக் கழட்டுங்க.