தூரிகையும் எழுதுகோலும்

நாமக்கல் கவிஞர் எனத் தமிழுலகம் போற்றும் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்களை அவருடைய இளமைக்கால நண்பர்கள் ஓவியராகவே அறிந்திருந்தனர். கவிதை பெயரைத் தந்தது. அதற்கு முன்பே சோறிட்டது தூரிகை. இதனை இன்று நினைப்பவர் சிலரே.

காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888 அக்டோபர் 19 அன்று வெங்கடராமப் பிள்ளைக்கும் அம்மணியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணிபுரிந்தவர். மகனும் அத்துறையில் சேரவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ அதில் நாட்டமில்லை. நாமக்கல்லிலும் கோவையிலும் பள்ளிப்படிப்பு, திருச்சியில் கல்லூரி, பின்னர் நாமக்கல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை, சிறிது காலம் ஆசிரியப் பணி. எதுவும் நிலைக்கவில்லை. நிலைத்தது ஓவியம் ஒன்றே.

சென்னைக் கலைப்பள்ளியின் வாயிலை மிதித்தறியாத கை அது. இரவிவர்மாவின் அச்சுப்படங்கள் வீடுதோறும் பூசையறையில் ஏறிவிட்ட காலம். மனிதர் முகத்தை எழுதுபவனுக்கு அன்று ஒரே சோதனைதான்: படத்தைக் கண்ட வீட்டார், இன்னார் என்று உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கூலியும் இல்லை, மதிப்பும் இல்லை. பார்த்தும் அழித்தும் மீண்டும் எழுதியுமே அவர் இத்திறத்தை அடைந்தார்.

1911 டிசம்பரில் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பார் நடந்தது. அவ்விழாவையொட்டி மன்னரை வரைந்தளித்த இராமலிங்கனாருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. அதே மன்னரின் ஆட்சிதான் 1932இல் அவரை ஓராண்டுச் சிறையில் அடைத்தது! இடைப்பட்ட இருபது ஆண்டுகளே அவர் வாழ்வின் உயிர்ப்பகுதி எனலாம். அரசரை எழுதிப் புகழ்பெற்ற ஓர் ஓவியர் அவ்வழியே சமஸ்தானங்களை நாடிச் செழித்திருக்க முடியும். இவரோ காங்கிரசு மேடைகளை நாடினார்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்தித்தபோதும் ஓவியர் என்றே அவர் அறிமுகப்படுத்தப்பட்டார். பாட்டும் எழுதுவார் என்றறிந்த பாரதியார் ஒன்றைப் பாடச் சொன்னார். நாடகத்துக்கென எழுதியிருந்த பாடலைத் தயங்கித் தயங்கிப் பாடினார் இராமலிங்கனார். தம் நாட்டைப் பிறர் ஆளவிட்டுக் கைகட்டி நிற்போரை இடித்துரைத்த அப்பாடலைக் கேட்ட பாரதியார் மனமாரப் பாராட்டினார். கவிஞராகத் தம்மைத் தாமே ஏற்றுக்கொள்ளும் துணிவு அன்றே அவருக்குப் பிறந்திருக்க வேண்டும்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி இராஜாஜியின் தலைமையில் உப்புப் படை புறப்பட்டது. ஏறத்தாழ நூறு தொண்டர்கள் இரண்டு வாரம் நடந்தனர். அவர்கள் நாவில் இருந்தது இராமலிங்கனார் புனைந்த வழிநடைப் பாட்டு. எழுத்தறியாத உழவனும் ஒருமுறை கேட்டதும் பற்றிக்கொண்ட பாட்டு அது. அவர் கவிதையில் ஆழமில்லை, எளிமை மிகுதி என்று குறைகூறுவோர் உண்டு. அவர் பாட்டில் சில இடங்கள் தட்டையாக இருப்பதும் உண்மையே. ஆயினும் முகம் எழுதிப் பழகிய கை, அடையாளம் தெரியாத சொல்லை எப்படி எழுதும்?

1949இல் சென்னை அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. அவரது மலைக்கள்ளன் புதினம் 1954இல் திரைப்படமாயிற்று. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1971இல் பத்மபூஷண் பெற்று, 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தின் பத்துமாடிக் கட்டடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நூலகமாகியது.